மூடுபனி மோகினியும் கடைசி மூட்டையும்

விலைமதிப்பில்லாத ஒரு பொருளுக்கு ஏற்காட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை விலை படிந்தது. நாற்பது ரூபாய்.

பத்தில் தொடங்கிய பேரத்தை நாற்பதுவரை தள்ளிக்கொண்டு போனவர் மிளகு வியாபாரி கோவிந்தராஜ். அன்று பூராவும் அவருக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

நடந்தது இதுதான். கடை வாசலில் மாதிரிக்கு வைத்திருக்கும் மிளகுத் தட்டில் ‘முதல் ரகம்’ என்று ஒரு சீட்டு குத்தி வைப்பார். தை மாதப் பனியில் காகிதம் நமுத்துப்போய், முதல் ரகம் தலை கவிழ்ந்து கிடந்தது. விறைப்பாக ஏதாவது வேண்டுமே என்று வீட்டுக்குள் தேடினார். மகள் பவித்ரா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன தகர டப்பா கண்ணில் பட்டது. உள்ளே சீட்டுக்கட்டு போல ஒரு கட்டு. ஆனால் ராஜாவும் ராணியும் இல்லை. தாடிக்காரர்களும் சூனியக்காரிகளும் இடி மின்னலுமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், தங்க விளிம்பு போட்ட ஒரே ஒரு அட்டை. தலைமுடி புகையாகக் கரையும் ஒரு பெண்ணின் படம். அந்த உறையின் மேல் ‘முதல் ரகம்’ என்று ஒட்டி மிளகில் நட்டார். ஜம்மென்று நின்றது.

பதினொரு மணிக்கு மேக்ஸ்வெல் வந்தான். ஏரிக்கரைச் சாலையில் பேக்கரி வைத்திருப்பவன். கொட்டச்சேடு கிராமத்தில் அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றி, வருஷத்துக்கு மூன்று நான்கு மூட்டை மிளகு எடுப்பான். கோவிந்தராஜ் ஒரு மிளகை எடுத்துக் கடவாய்ப்பல்லில் வைத்துக் கடித்தார். “ஈரம் இருக்குது மேக்ஸு. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்.” ஒன்பது வருஷமாக அவர் பல்லுக்கு மேக்ஸ்வெலின் மிளகு ஒருநாளும் காய்ந்ததில்லை. மேக்ஸ்வெல் ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் சண்டை போடுவான்.

அன்று போடவில்லை. அவன் கண் தராசில் இல்லை, தட்டில் இருந்தது. எச்சில் விழுங்கினான்.

“ஏனுங்ணா, இந்த அட்டை விலைக்கு வருங்களா? பத்து ரூபா தர்றேன்.”

வாங்க வந்தவன் எச்சில் விழுங்கினால் கோவிந்தராஜுக்குக் கோயில் மணி அடித்த மாதிரி. “பத்தா? உறை மட்டுமே இருவது ஆகுமே” என்று ஆரம்பித்தார். நாற்பதில் முடித்தார். மேக்ஸ்வெல் பணத்தை வைத்த வேகத்தையும், அட்டையைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போன விதத்தையும் பார்த்தபோதுதான், ஐம்பது கேட்டிருக்கலாமோ என்று ஒரு சின்ன உறுத்தல் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவித்ரா போன் செய்தாள்.

“அப்பா, அடுத்த வெள்ளி காலைல வர்றேன். அன்னிக்கே ரெண்டு மணி பஸ்ஸுக்கு மலை எறங்கிருவேன். ஞாயித்துக்கெழமை சென்னைல போட்டி. என்ற டப்பாவ மட்டும் பத்தரமா எடுத்து வைங்க. அதுல மோகினி இருக்குது.”

“யாரு கண்ணு?”

“மூடுபனி மோகினி. தங்க விளிம்பு போட்டது. மொத்தமே பதினொண்ணுதான் அடிச்சாங்க. போன வருஷம் நான் கெலிச்சதுக்குக் கொடுத்தாங்க. அவ இல்லீன்னா நான் சென்னைக்குப் போறதே தண்டம்ப்பா.”

கோவிந்தராஜ் போனை வைத்தார். பின்னால் மனைவி பாப்பாத்தி முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, பவித்ரா சீட்டு விளையாடுமே, அதுல ஒரு அட்டை எத்தன ரூவா பெறும்?”

முறம் நின்றது. “எந்த அட்டை?”

“பொகை மாதிரி முடி வச்சிருக்கும் பாரு, அந்தப் பொம்பள.”

“மோகினியவா? என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“நாப்பது ரூவாய்க்குக் கொடுத்தேன். அவன் பத்துலதான் ஆரம்பிச்சான்” என்றார், தன் தரப்பு நியாயமாக.

பாப்பாத்தி அந்த அட்டைக்குப் போன மாதம் ஒருவன் நாற்பதாயிரம் கொடுக்க வந்ததையும், பவித்ரா மாட்டேன் என்றதையும் சொன்னாள். கோவிந்தராஜ் முக்காலியில் உட்கார்ந்தார். வியாபாரத்தில் நஷ்டம் பார்த்திருக்கிறார். மூன்று சைபரை ஒரே நாளில் தொலைத்ததில்லை.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னுக்கும் பிளம் கேக்குக்கும் நடுவில் மோகினி நின்றாள். அவள் காலடியில் இன்னும் ‘முதல் ரகம்’ ஒட்டியிருந்தது.

நூறில் தொடங்கினார். ஐந்நூறு, ஆயிரம். ஐயாயிரம் என்றபோது சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

“விக்கிற சரக்கில்லீங்ணா” என்றான் மேக்ஸ்வெல், கல்லாவில் சாய்ந்துகொண்டு.

“அது பவித்ராவுது மேக்ஸு.”

“தெரியாதுங்களா? போன வருஷம் இந்த மோகினிதான் என்ற கட்டுல இருந்த பதினோரு ஓநாயையும் தின்னுச்சு. ஆனா உங்க கடைல ஒரு போர்டு தொங்குதுங்களே, ‘விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ன்னு. எங்கப்பா காலத்துலருந்து அதைப் படிச்சுத்தான் நான் தமிழே கத்துக்கிட்டேன்.”

கோவிந்தராஜ் ஒரு பன் வாங்கினார். பேரம் நின்றுபோனால் ஏதாவது வாங்குவது அவர் பழக்கம். எதிராளி சில்லறை எடுக்கும் நேரத்தில் மனம் மாறுவதுண்டு. மேக்ஸ்வெல் சில்லறை எடுத்தான். மனமும் கொஞ்சம் மாறியது.

“ஒண்ணு பண்ணலாமுங்ணா. பவித்ரா போனதுக்கப்பறம் இந்த ஊர்ல எனக்கு விளையாட ஆளில்ல. வியாழக்கெழமை டூரிஸ்ட் கம்மி. அதுவோட கட்டை எடுத்துக்கிட்டு வாங்க. மூணு ஆட்டம். ரெண்டு நீங்க கெலிச்சா மோகினி உங்களுது. நான் கெலிச்சா, நான் சாகற வரைக்கும் என்ற மூட்டைல ஈரம் கழிக்கக் கூடாது.”

“எனக்கு விளையாடத் தெரியாதே!”

“தெரியும். அது மந்திரவாதிக் கட்டு. கைல இருக்கறதைச் செலவு பண்ணிக்கிட்டே இருந்தாத்தான் கெலிக்கும்.” மேக்ஸ்வெல் சிரிப்பை அடக்கினான். “நீங்க ஒரு பொருளைச் செலவு பண்றதைக் கண்ணால பார்க்கோணும்னு நொம்ப நாளா ஆசை.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பாப்பாத்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து, டப்பாவைத் திறந்து, கட்டை ஒரே கையால் சர்ரென்று கலைத்தாள். கோவிந்தராஜ் வாயைப் பிளந்தார்.

“கொரோனாவுல மாசக்கணக்காக் கடை பூட்டிக் கெடந்துச்சே, நானும் பவித்ராவும் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு நெனச்சீங்க?”

“ஜெபம் பண்ற மாதிரி குனிஞ்சு உக்காந்திருந்தீங்களே.”

“அப்ப நீங்க கிட்ட வந்து பார்த்திருக்கோணும்.”

“அப்ப நீயே போய் விளையாடேன்!”

“வித்தது யாரு?” என்றாள். கோவிந்தராஜ் முக்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார்.

கட்டில் நாற்பது சீட்டு இருக்க வேண்டும். மோகினி போன இடத்தில் பாப்பாத்தி ஒரு சாதா அகல்விளக்குச் சீட்டைச் செருகினாள். ஆளுக்கு முப்பது உயிர். ஓர் உயிருக்கு ஒரு மிளகு என்று எண்ணி வைத்தாள். எதிரில் ஆட, கொரோனா காலத்துத் தன் பழைய ஓநாய்க் கட்டை எடுத்துக்கொண்டாள்.

“இதெதுக்கு முதல் ரகத்துல எடுத்த? உடைசல்ல எடுக்கக் கூடாதா?”

“உங்க உயிருங்க. உடைசல்னா உடைசல்லயே எடுக்கறேன்.”

அவர் முதல் ரகத்துக்கே சம்மதித்தார்.

“கேட்டுக்கங்க. ஓநாய்க் கட்டுன்னா ஓடி வந்து கடிக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நம்ம மந்திரவாதிக்கு ஒடம்புல பலமில்ல. ஒரு கடி தாங்க மாட்டான். அவனுக்குப் பலமெல்லாம் இங்க.” மேசையின் ஓரத்தைத் தட்டினாள். “இது சாம்பல். போட்ட மந்திரமெல்லாம் இங்க வந்து விழும். இந்தக் குவியல் ஏற ஏறத்தான் அவன் வளருவான். மோகினி இருந்தா மூணு மந்திரத்துக்கு ஒரு ஓநாயைத் தானே முழுங்கிருவா. இப்ப அவ இல்ல. அதனால இன்னும் வேகமாச் செலவு பண்ணோணும். செலவு பண்ணாத மந்திரவாதி வெறும் தாடிங்க.”

வீட்டில் பழகிய முதல் ஆட்டம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. கோவிந்தராஜின் மிளகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கையில் ஏழு சீட்டு இருந்தது.

“பேரிடி வச்சிருந்தீங்களே, ஏன் போடல?”

“ரெண்டு ஓநாய்தானே இருந்துச்சு. அஞ்சு வரட்டும், மொத்தமாப் போட்டா கட்டுப்படியாகும்னு பார்த்தேன்.”

“மூணாவது வந்தப்பவே நீங்க செத்துட்டீங்க! கைல ஏழு மந்திரத்தை வச்சுக்கிட்டுச் செத்த மொத மந்திரவாதி இந்த ஒலகத்துல நீங்கதான்.”

மிளகு வியாபாரிக்கு இது புரியக் கஷ்டம்தான். மிளகு பத்து வருஷம் கிடந்தாலும் கெடாது. விலை இறங்கினால் மூட்டையைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தூங்கலாம், ஒருநாள் ஏறும். கோவிந்தராஜ் வீட்டில் மூன்று தலைமுறையாக இதைத்தான் செய்தார்கள். அதிலும் கடைசி மூட்டை என்று ஒன்று உண்டு. கிடங்கின் ஈசானிய மூலையில் நிற்கும். புது வெள்ளாமை மூட்டை வந்து அதன் பக்கத்தில் உட்காரும்வரை அதை விற்கக் கூடாது. கிடங்கு ஒருநாளும் வெறுமையாக இருக்கலாகாது. இரண்டு வருஷத்துக்கு முன் மிளகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சேலத்து வியாபாரி அந்த மூட்டைக்கு இரட்டை விலை வைத்தான். ஏற்காடு பஜாரே கூடி வேடிக்கை பார்த்தது. கோவிந்தராஜ் அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஏழில் நாலைச் செலவு செய்யக் கற்றார். புதன்கிழமை ஆறு. ஏழாவது சீட்டு மட்டும் விரலோடு ஒட்டிக்கொண்டது. அதைப் போடுவதற்குக் கையை நீட்டுவார். கை பாதி வழியில் திரும்பிவிடும்.

“இந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கலாமா?” என்று ஒன்றைக் காட்டினார். ‘வெறுங்கை’ என்று அதற்குப் பேர். பிச்சைக்காரன் ஒருவன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டும் படம். “கைல வேற சீட்டே இல்லாதப்பத்தான் இது வேலை செய்யுமாம். இப்படி ஒரு சரக்கை எவன் வாங்குவான்?”

“மோகினி இல்லாத கட்டுக்கு அதுதாங்க உசிரு. சாம்பல்ல கெடக்கற மந்திரம் ஒண்ணுக்கு எதிராளிக்கு ரெண்டு உயிர் போகும். பத்து கெடந்தா இருவது.”

“ஆனா அதுக்கு என்ற கை காலியாகோணும்.”

“ஆமா.”

“நடக்கறதைச் சொல்லு” என்று விட்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஏரியின் மேல் பனி இறங்கியிருந்தது. கோவிந்தராஜ் பொட்டலத்தில் அறுபது மிளகு எண்ணிக் கட்டிக்கொண்டு போனார். பேக்கரியில் வாடிக்கையாளர் யாருமில்லை. சவாரி கிடைக்காத டாக்சி டிரைவர் பெரியசாமி மட்டும் டீயும் வர்க்கியுமாக மேசையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேக்ஸ்வெல் தன் முப்பது மிளகில் ஒன்றை எடுத்துக் கடவாய்ப்பல்லில் கடித்தான். “ஈரம் இருக்குதுங்களே அண்ணா. ரெண்டு சேர்த்துப் போடுங்க.”

பெரியசாமிக்கு டீ மூக்கில் ஏறியது. கோவிந்தராஜ் கடித்ததற்குப் பதிலாகச் சட்டைப்பையில் கிடந்த ஒன்றை மட்டும் போட்டார்.

முதல் ஆட்டத்தில் ஓநாய்கள் வரிசையாக வந்தன. கோவிந்தராஜ் தாராளமாகத்தான் செலவு செய்தார். பார்த்த பெரியசாமி இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கடைசிச் சீட்டாகப் பனிச்சுவர் கையில் இருந்தது. போட்டிருந்தால் ஒரு சுற்று தப்பித்திருக்கலாம். கை பாதி வழி போய்த் திரும்பியது. ஓநாய் கடித்தது.

“என்னங்ணா அது கைல?” என்று மேக்ஸ்வெல் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். “பனிச்சுவரா! இதை வச்சுக்கிட்டா செத்தீங்க?”

“கடைசி மூட்டைப்பா” என்றார் பெரியசாமி. “அது ஆகாது. சேலத்துக்காரனுக்கே ஆகல.”

இரண்டாவது ஆட்டத்தில் மேக்ஸ்வெலுக்கு ஓநாயே வரவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு ‘தடை’ச் சீட்டால் கோவிந்தராஜின் ஒரு மந்திரத்தைத் தடுத்துப் பார்த்தான். ஓர் ஆட்டத்துக்கு ஒரு தடைதான். அடுத்த மந்திரமும் அதற்கடுத்ததும் வந்து விழுந்தன. கோவிந்தராஜ் கெலித்தார். அப்போதும் ஒரு சீட்டு கையில் மிஞ்சியிருந்தது.

“பாருங்க, கெலிச்சாலும் அதே கதைதான்” என்றான் மேக்ஸ்வெல், மூன்றாவது ஆட்டத்துக்குக் கலைத்துக்கொண்டே.

மூன்றாவது ஆட்டம் இழுத்தது. பனி வாசலுக்குள் வந்து எட்டிப் பார்த்தது. கோவிந்தராஜிடம் இரண்டு மிளகு மிச்சம். மேக்ஸ்வெலிடம் இருபத்து நான்கு. எதிரில் ஐந்து ஓநாய்; பக்கத்தில் கவிழ்த்து வைத்த தடை. சாம்பலில் பதினொரு மந்திரம். கையில் இரண்டே சீட்டு: பனிச்சுவர் ஒன்று, வெறுங்கை ஒன்று.

கோவிந்தராஜ் மனக்கணக்குப் போட்டார். பனிச்சுவரைப் போட்டால், தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் அது சாம்பலுக்குத்தான் போகும். பன்னிரண்டு. பன்னிரண்டு இரண்டு இருபத்து நான்கு. தராசு முள் நடுவில் நின்றது. ஆனால் வெறுங்கைக்கு மேல் மேக்ஸ்வெல் தடையைப் போட்டால் கதை முடிந்தது. நாளைக் காலை பவித்ரா டப்பாவைத் திறப்பாள்.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முப்பது வருஷம் விவசாயிகள் எதிரே உட்கார்ந்து ஒன்றும் காட்டாமல் இருந்து பழகிய முகம். பனிச்சுவரை மெதுவாக வைத்தார். மீதி ஒற்றைச் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஈசானிய மூலையில் மூட்டையைச் சாத்துவது போல.

மேக்ஸ்வெல் தடைச் சீட்டின் மேல் விரலை வைத்தான். யோசித்தான். “இதை இப்பப் போட்டா சுவர் இடிஞ்சுரும், ஓநாய் புடுங்கிரும். ஆனா அந்தக் கடைசிச் சீட்டு…”

“அது வரவே வராதுப்பா” என்றார் பெரியசாமி. “அந்த மனுசன் சாமி வந்து கேட்டாலும் கடைசியைக் கொடுக்க மாட்டாரு. தைரியமாப் போடு.”

ஒன்பது வருஷம் ஈரம் கழித்துக் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? மேக்ஸ்வெல் தடையைப் புரட்டினான். சுவர் இடிந்து சாம்பலுக்குப் போனது.

இனித் தடை இல்லை. கோவிந்தராஜ் கையை நீட்டினார்.

கை பாதி வழியில் நின்றது. அவர் சத்தியமாக நடிக்கவில்லை. தாத்தா, அப்பா, ஈசானிய மூலை எல்லாரும் சேர்ந்து முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார். பன்னுக்கும் கேக்குக்கும் நடுவில் மோகினி, காலடியில் தன் கையெழுத்தில் ‘முதல் ரகம்’. இடது கையால் வலது கையைப் பிடித்து மேசைக்குத் தள்ளினார். விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

பிச்சைக்காரன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு மேசையில் கிடந்தான்.

மேக்ஸ்வெல் சீட்டைப் பார்த்தான். கோவிந்தராஜின் காலிக் கையைப் பார்த்தான். சாம்பலை இரண்டு தடவை எண்ணினான்.

“அண்ணா,” என்றான் கடைசியில், “உங்க கை காலியா இருக்குதுங்ணா.”

“ஆமாப்பா,” என்றார் கோவிந்தராஜ். அவருக்கே பார்க்கப் புதிதாக இருந்தது.

பெரியசாமி எழுந்து வெளியே போய்விட்டார். இந்தச் செய்தியைப் பஸ் ஸ்டாண்டில் முதலில் சொல்பவர் தானாக இருக்க வேண்டும் என்ற அவசரம்.

மேக்ஸ்வெல் நல்ல ஆட்டக்காரன். சிதறிக் கிடந்த சீட்டுகளைத் தானே பொறுக்கி, கோவிந்தராஜின் கட்டை அடுக்கி டப்பாவில் போட வந்தான். பெட்டியைத் திறந்து மோகினியை எடுத்து நீட்டினான். “எடுத்துக்கங்க. நான் கொடுத்த நாப்பது ரூபா?”

கோவிந்தராஜ் பையில் கையை விட்டார். நாற்பது எடுத்தார். உறையில் கேக் எண்ணெய் பட்டு ஒரு பொட்டு மினுங்கியது. கை தானாகவே ஐந்து ரூபாய் நாணயத்தைத் திரும்பப் பைக்குள் போட்டது.

“முப்பத்தஞ்சு வச்சுக்க மேக்ஸு. சரக்கு கொஞ்சம் ஈரமாயிருச்சு.”

மேக்ஸ்வெல் முப்பத்தைந்தைக் கல்லாவில் போட்டான். “சரிங்ணா” என்றான் மிக மரியாதையாக, அடுக்கிய கட்டைக் கையில் வைத்துக்கொண்டே. “டப்பாவைக் கொடுங்க, நானே போட்டுத் தர்றேன்.”

வெள்ளிக்கிழமை காலை பவித்ரா வந்தாள். மோகினியைத்தான் முதலில் எடுத்தாள்.

“அப்பா, இவ மேல ஏன் ‘முதல் ரகம்’னு ஒட்டியிருக்குது?”

“நல்ல சரக்குதானே கண்ணு” என்றார்.

அவள் அகல்விளக்கை எடுத்துவிட்டு மோகினியைச் சேர்த்து எண்ணினாள். நாற்பது. கோவிந்தராஜ் மூச்சை விட்டார். பவித்ரா மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“அப்பா. இதுல ஒரு ஓநாய் இருக்குது. வெறுங்கையக் காணோம்.”

ஓநாயின் முதுகில் பேக்கரி பில் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தது. பவித்ரா உரக்கப் படித்தாள்: “‘வெறுங்கை ஒன்று ஈடாக வைக்கப்பட்டுள்ளது. ஈரம் கழித்த ஐந்து ரூபாய் வந்ததும் கொடுக்கப்படும். விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது. மே.’ அப்பா, இது என்ன?”

கோவிந்தராஜ் பாப்பாத்தியைப் பார்த்தார். பாப்பாத்தி முறத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. பஸ் இரண்டு மணிக்கு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். மீதிக் கதையைப் பாப்பாத்தி மகளுக்குச் சொன்னாள். ஒன்றையும் கழிக்காமல் சொன்னாள்.

அன்றைக்குக் கடைப் பேரேட்டில், மிளகு வரவுக்கும் சாக்குச் செலவுக்கும் கீழே, பாப்பாத்தியின் கையெழுத்தில் எழுதியிருந்தது:

மோகினி ஒன்று விற்ற வரவு: 40.
அதையே திரும்ப எடுத்த செலவு: 35.
நிகர லாபம்: 5.
அந்த ஐந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ, போக வர: 120.
மேக்ஸ்வெலுக்குக் கொடுத்தது: 5. அவன் பாக்கி தீர்ந்தது.
வெறுங்கை ஒன்று, மணி ஒன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தது. ஓநாய் ஒன்று திரும்பப் போனது.
பவித்ராவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு: ஒன்று. பஸ் கிளம்பும்வரை பாதி கேட்டார். மீதி பாக்கி.